அம்மாளிடம் மாற்றிக் கேட்ட வரம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். ஒருத்தி என் தங்கை விட்டுப்போன பிள்ளை. வெல்லாவெளிப் பக்கம் வயற்காரக் குடும்பம். கணவர் போன பிறகு ஒருவர் வாசலிலும் கை ஏந்தாமல் அத்தனை பேரையும் ஆளாக்கினேன். கடைசி மகன் சுதாகரன் விமானம் ஓட்டுகிறான். இதைச் சொல்லும்போது என் கழுத்து நிமிரும், நிமிரட்டும். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வைக்கத் தெரியும். நான் சொல்ல, பேத்தி தர்ஷி எழுதுகிறாள். அம்மாளை நம்பும் எல்லாரும் இதைக் கேட்க வேண்டும்.

போன வைகாசிக்கு முன் எங்களுக்கு வந்த சோதனை சின்னதல்ல. மகனின் கம்பனி விமானிகளுக்கு ஒரு புது ஒப்பந்தம் எழுதியது. சம்பளம் கூடும். ஆனால் ஒரு பயணம் முடித்து வந்து அடுத்ததற்கு ஏறுமுன் கிடைக்கும் ஓய்வு குறையும். சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. சங்கத்துக்காகப் பேசப் போன நாலு பேரில் என் மகனும் ஒருவன். பேச்சு மாதக்கணக்கில் இழுபட்டது. கடைசியில் அந்த நாலு பேரையும் பறக்க விடாமல் நிறுத்தினார்கள். ஒவ்வொரு விமானிக்கும் தனித்தனியாகக் கடிதம் போனது. கையெழுத்து வைத்தால்தான் வேலை நிலைக்கும் என்று.

நான் இடிந்துபோனேன். சோறு இறங்கவில்லை. அவன் சங்கத்தை விட்டுவிட்டுக் கையெழுத்து வைக்கட்டும் என்றுதான் அம்மாளிடம் அழுது கேட்டேன். அவனுக்கும் போன் எடுத்துச் சொன்னேன்.

"உனக்கு என்னத்துக்கு மனே ஊர்ப் பிரச்சினை? கையெழுத்த வச்சுட்டு வேலையப் பாரு."

அவன் திருப்பிக் கேட்டான்: "அம்மா, அப்பா எப்படிச் செத்தவர்?"

அது அறுவடைக் காலம். மூன்று நாள் கண் மூடாமல் வயல்வட்டைக்கும் களத்துக்கும் டிராக்டர் ஓட்டினார். பட்டப்பகலில், நேரான பாதையில், வாய்க்காலுக்குள் விட்டார். ஓட்டத் தெரியாமலா? தூக்கம். அன்றைக்கு அவருக்குப் பின்னால் டிராக்டர் பெட்டியில் ஒருவரும் இருக்கவில்லை. என் மகனுக்குப் பின்னால் எத்தனை பேர் இருப்பார்கள்!

அப்போதே எழும்பிப் போய், வருடத்தில் வைகாசிச் சடங்குக்கு மட்டும் திறக்கும் அம்மாள் கோயிலின் சாத்திய கதவுக்கு முன்னால் நின்றேன். "தாயே, நான் பிழையாக் கேட்டுட்டன். அந்தப் பிள்ளையளுக்கு ஓய்வக் காப்பாத்திக் குடு. சடங்குக்கு மடிப்பிச்சை எடுத்து வாறன்" என்று நேர்ந்தேன்.

சேலை மடியை ஏந்தி வீடு வீடாக அரிசி கேட்கும் நேர்த்தி அது. தெருவில் ஒரு வீட்டையும் தவறவிடக் கூடாது. எங்கள் ஊர் முறை. ஐந்தாவது வீடு பூரணத்தின் வீடு. வயல் வரம்புச் சண்டையில் பதினொரு வருடமாக நாங்கள் முகம் பார்த்ததில்லை.

சடங்குக்குக் கோயில் கதவு திறந்த நாள், மடியோடு அவள் வாசலில் நின்றேன்.

"என்னகா, பிளேன் ஓட்டுறவன்ட தாய்க்கு அரிசி இல்லாமப் போயிட்டோ?"

"நக்கலடிச்சு முடிஞ்சா அரிசியப் போடு. அம்மாளுக்கு நேந்தது."

என்ன நேர்த்தி என்று கேட்டாள். சொன்னேன். ஓய்வில்லாமல் ஓட்டச் சொல்கிறார்கள் என்றதும் அவள் முகம் மாறியது.

"என்ட மகளும் அடுத்த மாசம் மஸ்கட்டுக்கு அந்தக் கம்பனிப் பிளேனிலதானே ஏறப்போறாள்!"

உள்ளே போனவள் சுளகு நிறைய அரிசி கொண்டுவந்து கொட்டினாள். பாரத்தில் மடி தொய்ந்தது. மிச்ச வீடுகளுக்கெல்லாம் மடியின் ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டு வந்தாள்.

சடங்கின் கடைசி நாள். அந்த அரிசியில் பொங்கிய பானையை இறக்கும்போது போன் அடித்தது. மகன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. கடிதம் போன விமானிகளில் ஒருவர்கூடக் கையெழுத்து வைக்கவில்லையாம். கம்பனி ஓய்வைக் குறைக்கும் பேச்சையே ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டது. சம்பளமும் கூடியது. நாலு பேரும் திரும்பப் பறக்கப் போகிறார்கள். நான் கோயில் வீதியில் நின்று குரவையிட்டேன். பூரணம் என்னைவிடச் சத்தமாகப் போட்டாள்.

அம்மாள் என் குரலைக் கேட்டாள். நான் முதலில் கேட்டதைத் தராமல் விட்டதற்கும் அவளைக் கும்பிடுகிறேன். இப்போது வானத்தில் சத்தம் கேட்டால், ஓட்டுவது யார் பிள்ளையானாலும் கைகூப்புகிறேன். நீங்களும் தயங்காமல் அவளிடம் கேளுங்கள். உங்களுடையதை மட்டும் கேட்காதீர்கள்.

தர்ஷி, எழுதினத ஒருக்கா வாசி மனே. அரிசி கொட்டின இடத்த உரத்து வாசி. பூரணம் வந்து பக்கத்தில இருக்கிறாள்.