கடலை சேராத உருண்டை

எம். புதுப்பட்டி வேல்விழி பதினோரு வருடம் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தவள். பக்கத்து அறை வெடித்து இரண்டு பேர் போன மறுநாளே வேலையை விட்டாள். பிழைப்புக்கு அடுப்பே பற்றவைக்காத தொழிலாகப் பார்த்துப் பிடித்தாள். பேரீச்சம்பழமும் அத்திப்பழமும் அரைத்து, பாதாம், முந்திரியோடு வறுத்து வாங்கிய நிலக்கடலையையும் பொடித்துச் சேர்த்து உருண்டை பிடிப்பாள். சீனி கிடையாது, தீ கிடையாது. டப்பாவில் ‘ஆரோக்கிய உருண்டை’ என்று லேபிள் ஒட்டினாள். சிவகாசிப் பக்கம் லேபிளுக்கா பஞ்சம்?

போன ஆவணியில் சிவகாசியிலிருந்து அனுப்பிரியா என்ற பெண் போன் செய்தாள். அச்சகம் வைத்திருக்கும் குடும்பம். மகள் பிரீத்திகாவின் ஏழாவது பிறந்தநாளுக்கு அறுபது உருண்டை வேண்டும், ஆனால் கடலை மட்டும் கூடவே கூடாது என்றாள். நம்ம பக்கத்தில் கடலை இல்லாமல் பண்டம் கேட்பது கிண்டலா என்றுதான் வேல்விழிக்குத் தோன்றியது. ஆனால் முன்பு ஒருமுறை கடலைமிட்டாயைக் கடித்த பிள்ளைக்கு மூச்சடைத்து, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். அதற்குப் பிறகு வெளிப்பண்டம் எதையும் அவள் வாயில் வைத்ததில்லை. இதைக் கேட்டதும் வேல்விழி புது மிக்சி ஜார் வாங்கினாள். தாம்பாளத்தை மூன்று தரம் தேய்த்தாள். கடலைச் சாக்கை மாடிக்கு ஏற்றினாள்.

பிறந்தநாளன்று மழை. கம்பெனி லீவு என்பதால் பழைய கூட்டாளி மூக்கம்மாள் உருண்டை பிடிக்க வந்தாள். மதியம் டப்பாக்கள் லோடு வண்டியில் சிவகாசிக்குக் கிளம்பிய பிறகுதான் மூக்கம்மாள் கை கழுவினாள். தண்ணீர் அவள் உள்ளங்கையில் ஒட்டாமல் ஓடியது.

“கையில என்ன மதினி?”

“கடலெண்ணெதான். உக்காரும்போது தடவுனேன். கம்பெனில தடவுவோம்ல?”

அலுமினியப் பவுடர் தோலில் அப்பாமல் இருக்க, வேலைக்கு உட்காருமுன் கையில் எண்ணெய் பூசுவது அவர்களுக்குப் பழக்கம். வேல்விழியும் பூசியவள்தான். பையிலேயே சின்ன சீசாவில் செக்கெண்ணெய் கொண்டுவருவாள் மூக்கம்மாள் என்பது அவளுக்குத் தெரியாததா? மூக்கம்மாள் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல்தான் அதிகம் வந்தது.

போன் போட்டாள். அனுப்பிரியா எடுக்கவில்லை. ஆறு தரம் போட்டும் எடுக்கவில்லை. எண்ணெய்தானே, கடலையா போட்டோம் என்றாள் மூக்கம்மாள். வலியப் போய்ச் சொன்னால் தீபாவளிக்கு ஒரு ஆர்டரும் வராது என்றும் சொன்னாள். வேல்விழி ஸ்கூட்டியைக் கிளப்பினாள். மழை முகத்தில் அடித்தது. சிவகாசிக்குள் நுழையும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த ஏழு நிமிடமும் திரும்பத் திரும்பப் போன் போட்டாள்.

வீட்டுக் கூடம் முழுக்கப் பிள்ளைகள். எல்லார் வாயிலும் உருண்டை. நடுவே பட்டுப்பாவாடையில் பிரீத்திகா தட்டோடு நின்றாள். தனக்கு ஆகிற பண்டத்தைத் தன் கையால் ஊருக்கே கொடுப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அதனால் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் சாப்பிடுவதாகச் சொல்லியிருந்தாளாம். கடைசி உருண்டை அவள் விரல்களில் இருந்தது.

வேல்விழி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

“சாப்பிடாத தாயி. அதுல கடலெண்ணெ பட்டுருச்சு. என் தப்புதான்.”

அனுப்பிரியா பிள்ளையை இழுத்துப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அதற்குள் உள்ளங்கை சிவந்து தடித்திருந்தது. காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வேல்விழியும் பின்னாலேயே போய் வாசலில் ஈரச்சேலையோடு நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் வைத்திருந்து பார்த்தார்கள். தடிப்பு கையோடு நின்றது, மூச்சுக்கு ஒன்றுமில்லை. வெளியே வந்த அனுப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்கு நடந்தாள். பிரீத்திகா மட்டும் நின்றாள்.

“எல்லாரும் ரொம்ப நல்லாருக்குன்னாங்க அத்தை,” என்றாள். “எப்படி இருக்கும் அது?”

வேல்விழி அங்கேயே அழுதுவிட்டாள்.