மடிப்புக்குள் போன அட்லாண்டிக்

கல்லூரிகளுக்குச் சார்ட் வரைந்து விற்பது என்றால், பாடம் தெரிந்தவரிடம் ஆர்டர் வாங்கி, பாடம் மறந்தவரிடம் பில்லுக்குக் கையெழுத்து வாங்குவது. இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்கள் வாத்தியார்களிடம் எதையாவது விற்றிருந்தால் போதும், புரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் எனக்கும் காதருக்கும் கூட்டாக ஒரு கடை. காதர் வரைவார். நான் ஆர்டர் பிடிப்பேன், சண்டை போடுவேன். தவளையின் ரத்த ஓட்டம், கரப்பானின் குடல், எல்லாம் துணியில் வரைந்து, மேலும் கீழும் மரக்கழி கோத்துக் கொடுப்போம். எங்கள் தமிழ்க் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகியும் ஊருக்கு நான் 'சாமி'தான். கீழே வரும் பேச்சில் பாதிக்கு மேல் மலையாளம். தமிழாக்கியிருக்கிறேன். குறை சொல்லாதீர்கள்.

அயிலைக்கு ஆள் இல்லை

எறணாகுளம் கரையில் புதிதாக வந்த ஒரு கல்லூரியிலிருந்து மத்தாய் சார் வந்தார். விலங்கியல் வாத்தியார். ஒல்லி. தற்காலிக வேலை. பல்கலைக்கழகக் கமிஷன் வந்து பார்த்து டிகிரி வகுப்புக்கு அனுமதி கொடுத்தால் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் மார்ச்சோடு வீட்டுக்கு. இதற்கு முன் இரண்டு கல்லூரிகளில் இப்படியே வெளியே வந்தவர்.

கமிஷன் கண்ணில் படும்படி பெரிய உலகப் படம் ஒன்று வேண்டும் என்றார். அதில் தாடையில்லாத மீன்களின் கல்லாகிப்போன எலும்பு எங்கெங்கே கிடைத்ததோ அங்கெல்லாம் சிவப்புப் புள்ளி. மீன் இனத்திலேயே முதலில் வந்தவை அவை. முப்பது நாற்பது கோடி வருஷம் முந்தி. தலையில் எலும்பு ஓடு, கடிக்கத் தாடை கிடையாது, சேற்றை உறிஞ்சிப் பிழைத்தவை. நான் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டேன். காதர் பிரஷ்ஷை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

“தாடை இல்லாததுக்கு உலகம் பூரா மேப்பு. நம்ம அயிலை மீனுக்கு இத்தன காலமா ஒரு துண்டுத் துணிகூட யாரும் வாங்கலியே, சாரே.”

இந்தியாவுக்கு ஒரு புள்ளி

பாதி வேலையில் துறைத் தலைவர் குறுப்பு சார் பார்க்க வந்தார். அவர் தவளை ஆராய்ச்சிக்காரர். மீன் படித்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். ஸ்காட்லாந்து, நார்வே, வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு, எஸ்தோனியா, இந்தப் பக்கம் கனடா, அமெரிக்கா என்று சிவப்பாக இருந்தது. இந்தியா சுத்தமாக இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. சுதந்திர நாட்டில் ஒரு புள்ளிகூடவா இல்லை?

“கிடைக்கலை சார்,” என்றார் மத்தாய். “புள்ளி மீன் இருந்த இடம் இல்லை. மனுஷன் சுத்தியல் எடுத்துக்கொண்டு போன இடம்.”

எனக்கு அது பிடித்திருந்தது. எத்தனையோ உலகப் படம் விற்றிருக்கிறேன். வெறுமையாக இருக்கும் இடத்தில் ஒன்றுமே இருந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் போய்த் தோண்டவில்லை என்றும் இருக்கலாம். இதை யோசித்துக்கொண்டு நான் நிற்க, குறுப்பு சார் காதரின் காதுப்பக்கம் குனிந்தார்:

“சுத்தியல் என்னைக்காவது வரும். அதுவரைக்கும் பென்சிலால் ஒண்ணு போட்டு வையும்.”

காதர் போடவில்லை.

மிளகுச் சாக்குத் தையல்

எங்கள் மேஜை சின்னது. பெரிய படத்தை இரண்டு துணியாக வரைந்து பிறகு இணைப்போம். இடது துணியில் அமெரிக்காக்கள், வலதில் மற்றதெல்லாம். இரண்டின் ஓரத்திலும் வெறும் நீலம், அட்லாண்டிக். வழக்கமான தையல்காரருக்குக் காய்ச்சல். கொச்சங்காடிப் பண்டகசாலையில் மிளகுச் சாக்குத் தைக்கிற அவறாச்சனைக் கூப்பிட்டேன். கெட்டிக்கை.

சாக்குத் தைக்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கம்பெனி முத்திரை வரைக்கும் வெறும் துணியை உள்ளே மடித்து, இரட்டையாகத் தைப்பார்கள். மிளகு சிந்தாது. அவறாச்சன் அதையே செய்தார். நீலத்தில் ஒன்றும் எழுதவில்லையே என்று, படம் தொடங்கும் இடம்வரை இரண்டு பக்கமும் மடித்து உள்ளே தள்ளிவிட்டார். தென் அமெரிக்கா ஆப்பிரிக்காவை இடித்துக்கொண்டு நின்றது. கிரீன்லாந்தில் ஒரு துண்டைக் காணோம். கனடாவின் புள்ளிகள் ஸ்காட்லாந்துப் புள்ளிகளுக்குப் பக்கத்து வீடு.

மறுநாள் காலை கமிஷன். கத்தினேன். அவர் கோணூசியைத் துடைத்து மடியில் செருகினார்.

“இழுத்துப் பாரு சாமி, ஒரு மணி மிளகு வெளியே போகாது. கடல் கொஞ்சம் குறைஞ்சா இப்ப எந்தா?”

கட்டைவிரலும் சுண்டுவிரலும்

சாயங்காலம் மத்தாய் சார் வந்தார். படத்தை விரித்துக் காட்டிவிட்டு வசவுக்குத் தயாராக நின்றேன். அவர் கட்டைவிரலைக் கனடாவில் வைத்தார். சுண்டுவிரல் ஸ்காட்லாந்தைத் தொட்டது.

பிறகு மெதுவாகச் சொன்னார். கடலின் இரண்டு கரையிலும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே மாதிரி மீன். கரையோரத்திலும் ஆற்றுமுகத்திலும் ஊர்ந்த ஜாதி. ஆழ்கடலைத் தாண்டும் சக்தி அதற்கில்லை. பின்னே எப்படிப் போனது? நிலங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து விலகின என்று சிலர் சொல்கிறார்கள். பெரிய ஆட்கள் நிறையப் பேர் சிரிக்கிறார்கள். நிலம் நிற்கிற இடத்தில்தான் நின்றது, நடுவில் இருந்த பாலம் முழுகிப்போனது என்பது அவர்கள் கட்சி. குறுப்பு சாரும் அந்தக் கட்சி. பரீட்சைக்கு வராததை வகுப்பில் பேசாதே என்று இவரைக் கண்டித்துமிருக்கிறார்.

“பிரிச்சிடலாம் சார்,” என்றேன். “ஊசி ஓட்டை தெரியும். ஆனா கடல் கடலா இருக்கும். உங்க வேலைக்கும் நல்லது.”

காதர் கத்தரியை எடுத்துவிட்டார். மத்தாய் சார் தையலை மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார். வீட்டு வாடகையை நினைத்தாரோ, மீனை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது.

“கத்தரியைக் கீழே வைங்க, காதர் பாய். எவனும் கேட்கலைன்னா தப்பிச்சேன். கேட்டா சொல்லித்தானே ஆகணும்.”

கமிஷன்

படம் மாட்டுவது என் வேலை. அதனால் அங்கே இருந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து மூன்று பேர். தலைவர் கிழவர், கையில் குடை. நேரே உலகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். குறுப்பு சார் முந்திக்கொண்டார். தையல்காரன் தப்பு, இன்றே மாற்றிவிடுகிறோம் என்று என்னைக் கை காட்டினார். கிழவர் குடைநுனியால் படத்தைத் தூக்கி, பின்னால் இருந்த மடிப்பைப் பார்த்தார்.

“சமுத்திரம் பூரா இங்கேதான் இருக்கா?”

“மடிச்சது தப்புதான் சார்,” என்றார் மத்தாய். “ஆனா மடிச்ச பிறகு புள்ளிகளைப் பாருங்க.”

சொல்ல வேண்டியதைச் சொன்னார். கிழவர் நடுநடுவே வெட்டினார். நிலம் என்ன வள்ளமா, மிதந்து போக? எது தள்ளியது? தெரியாது சார் என்றார் மத்தாய். தெரியாததை எப்படிப் பாடம் நடத்துவீர்? தெரியாது என்று சொல்லித்தான் நடத்துவேன் என்றார். குறுப்பு சார் கண்ணை மூடிக்கொண்டார். நானும் சார்ட்டுகளைத் திருப்பி வள்ளத்தில் ஏற்ற ஆள் யார் கிடைப்பார் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கிழவர் குறுப்பு சாரிடம் திரும்பினார். “எனக்கு இதில் ஒரு வார்த்தைகூடச் சம்மதமில்லை. அடுத்த வருஷமும் வருவேன். தர்க்கம் பாக்கி இருக்கிறது. இந்த ஆள் இங்கே இருக்கணும்.”

வகுப்புக்கு அனுமதி வந்தது. மத்தாய் சாருக்கு நிரந்தரம் வரவில்லை, இன்னொரு வருஷம் நீட்டித்தார்கள். பில்லோடு போனேன். குறுப்பு சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“கடலோடு ஒண்ணு புதுசா வரைஞ்சு என் அறைக்குக் கொடு, சாமி. இது அவன் வகுப்பில் கிடக்கட்டும். எடுத்துட்டா அந்தக் கிழவன் என்னைத்தான் கேட்பான்.”

செத்துப் பல கோடி வருஷமான மீன் எங்கே வாழ்ந்தது என்று தேட ஊர் ஊராக ஆள் இருக்கிறார்கள், உயிரோடிருக்கிற வாத்தியார் அடுத்த வருஷம் எங்கே இருப்பார் என்று கேட்கத்தான் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கிழவர் குடையோடு வர வேண்டியிருந்தது.