கல்யாணப் படத்துக்குப் பின்னால்

2006இல் அப்பா இறந்த எட்டாம் நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் முகத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும். வயதான முகத்தைவிடக் கல்யாணப் படத்தில் இருக்கும் முகம்தான் அழகு என்று நானே முடிவு செய்தேன். கடலூர் முதுநகர் வீட்டுக் கூடத்தில் தொங்கியதை அம்மாவைக் கேட்காமலே கழற்றி, நான் குடியிருந்த சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து, பிரேம் கடையில் கொடுத்தேன்.

கடைக்காரர் பின்பக்க அட்டையை நெம்பினார். உள்ளே மடித்த காலண்டர் தாள் ஒன்று. பிரித்தார். நீச்சல் உடையில் ஒரு வெள்ளைக்காரி இடுப்பில் கை வைத்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல் கம்பெனி காலண்டர்க்கா. உலகச் சண்டை முடிஞ்ச காலத்துல இதெல்லாம் கப்பல்ல வரும். சலூன், லாரி ஷெட்டு, எங்க பாத்தாலும் தொங்கும்னு எங்கப்பா சொல்வாரு" என்றார், ஏதோ பழைய பேப்பரைப் பற்றிப் பேசுவதுபோல.

அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. நான் பத்தாவது படிக்கும்போது டிரங்குப் பெட்டி மூடிக்குள் ஒரு நடிகை படத்தை ஒட்டியதற்காக என்னைக் கன்னத்தில் அறைந்தவர். அந்த நடிகை இழுத்துப் போர்த்திப் புடவை கட்டியிருந்தாள். செத்துப்போன மனிதர்மேல் அவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அதைவிட, அம்மாவுக்குத் தெரிந்தால் எப்படித் தாங்குவாள் என்ற பயம். தாளைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் படத்தோடு கடலூர் போனேன். அம்மா பிரேமைத் திருப்பிப் புது அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"உள்ள ஒருத்தி இருந்தாளே, எங்க?"

நான் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான்தான் வெச்சேன். கல்யாணம் ஆன மாசம் அவள சுவத்துல மாட்டிட்டு, இவள மாதிரி சிரிக்கக் கத்துக்கன்னாரு. கிழிக்கப் பாத்தேன், மனசு வரல. இந்தப் படத்துக்கு பிரேம் போடக் குடுத்தப்ப உள்ள வெச்சு மூடச் சொல்லிட்டேன். காத்துல பறந்துடுச்சுன்னேன். ரொம்ப நாள் தேடினாரு."

தாளை எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு வரிசையாதான் இருக்கு" என்றாள்.

பிறகு நான் பீரோவில் இருந்த ஆல்பங்களை எடுத்துப் புரட்டினேன். என் கல்யாணத்தில், தம்பி பிள்ளையின் காதுகுத்தில், எல்லாப் படங்களிலும் அம்மா வாயை இறுக்கி மூடியிருந்தாள். அவளுக்கு கேமரா பிடிக்காது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.