டைனமோவைத் திறக்காமல் விட்டேன்

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டமொன்றில் பழைய லொறி ஓட்டினேன். ஒரு வாரமாக அதன் பெட்டரி அடிக்கடி இறங்கிப்போனது. எஞ்சின் ஓடும்போதும் சார்ஜ் ஏறவில்லை என்றே மீட்டர் முள் காட்டியது. மீட்டர்தான் பழுது என்று நினைத்துக்கொண்டு, கண்டி டவுனில் பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வந்து மாட்டினேன். ஓடும்போது பெட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவைத் திறந்து பார்க்கச் சோம்பல்.

பெட்டரியை மாட்டிய இரண்டாம் நாள் காலை, கொழுந்து பறிக்கும் செல்லம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு, அவளையும் கணவன் முத்தையாவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். மூடுபனி என்பதால் விளக்குகளைப் போட்டேன். பாதி வழியில் அவை மங்கின, எஞ்சினும் நின்றது. சரிவில் உருட்டியும் பிடிக்கவில்லை.

"இன்னும் தூரமாண்ணே?" என்றாள் செல்லம்மா.

"கிட்டத்தாம்மா."

கம்பளியில் கிடத்தி, இருவரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது அவளுக்கு உயிர் இல்லை.

மறுநாள் டைனமோவைத் திறந்தேன். உள்ளே உரசி மின்சாரத்தை எடுத்துக்கொடுக்கும் சின்னக் கரித்துண்டு முழுதாகத் தேய்ந்திருந்தது. மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

காரியம் முடிந்ததும் முத்தையா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"லொறி நின்னுபோனா நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? அவள தூக்கிக்கிட்டு ஓடியாந்தீங்களே, அத சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

சொல்ல வாயெடுத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தப் பெண் குழந்தை என்னை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் "என்னம்மா?" என்று கேட்டிருக்கிறேன். அவள் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை.