வாசலோரத்து இலை

தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுப் படையலில் ஓர் இலை மட்டும் தள்ளியே விழும். இறந்தவர்களுக்கான இலைகள் சாமிப் படத்துக்குக் கீழே வரிசையாக இருக்கும். தாத்தாவின் இலையில் கோழிக் கறியோடு ஒரு ஸ்டவுட் பீர் போத்தலும் உண்டு. அந்த ஓர் இலை மட்டும் வாசலோரம். அதற்குச் சூடம் காட்ட மாட்டோம். சோறும் கறியும் பரிமாறி, பக்கத்தில் ஒரு குவளை தேத்தண்ணி வைத்து, படையல் முடியும்வரை முன்கதவைத் திறந்தே வைத்திருப்போம்.

அது தாத்தாவின் அண்ணனுக்கு. ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போட அவரை ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. செத்தார் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. உயிரோடு இருப்பவனுக்கு இறந்தவர் வரிசையில் இலை போட்டால் அது அவன் உயிருக்கே கேடு என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். ஆகவே, நேரமாகி வரும் விருந்தாளிக்குப் போடுவதுபோல வாசலோரம். "எங்கண்ணனுக்கு யாரும் சாவுத் தப்பு அடிக்கல, நான் எந்திரிச்சு நிக்கல. அப்புறம் எப்படிடா செத்துட்டான்னு சொல்றது?" என்று தாத்தா கேட்பாராம்.

கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் தெரு வழியாகச் சவ ஊர்வலம் போனால், தப்பு மேளச் சத்தம் கேட்டதுமே ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்பார்கள். சத்தம் முனை திரும்பி மறைகிறவரை யாரும் உட்கார மாட்டார்கள். செத்தவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தாத்தாவுக்குப் பிறகு அந்த இலை அப்பாவின் பொறுப்பானது. "நூறு வயசு தாண்டியிருக்குமேங்க" என்று அம்மா ஒவ்வொரு வருடமும் மெல்லச் சொல்வார். அப்பா குவளையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார். சில வருடங்களாக அவர் என்னிடம் ஒன்று கேட்க ஆரம்பித்திருந்தார், தனக்குப் பிறகு நான் அந்த இலையைப் போடுவேனா என்று. போடுவேன் என்று வாய்வரை வரும். அதற்குமேல் வராது. முகம் தெரியாத ஒருவருக்காக எத்தனை காலம் கதவைத் திறந்து வைப்பது?

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா ஆறாம் வகுப்போடு நிறுத்தித் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். படிக்கிற காலத்தில் ஒரு நண்பன் கூட்டிப் போக, தலைநகர நடுவில் உள்ள இசையரங்கத்தின் வாத்தியக் குழு எனக்குப் பழக்கமானது. பிறகு வேலை கிடைத்து அதே நகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்தேன். ஒவ்வொரு கச்சேரியும் முடிந்து வெளியே வரும்போது, கேட்டதைச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லையே என்று இருக்கும். படிக்கப் படிக்க வீடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நான் விரும்பும் ஒன்றையாவது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்று மனம் கிடந்து தவித்தது.

போன வருடம் தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கையில் ஒரு ஞாயிறு மதியக் கச்சேரிக்கு அப்பாவையும் அம்மாவையும் அழைத்தேன். ஏர்கான் ஒத்துக்கொள்ளாது என்று அம்மா மறுத்துவிட்டார். அப்பா, என் அக்காவின் கல்யாணத்துக்குத் தைத்த பாத்தேக் பூத்துணிச் சட்டையும் காலில் புதுச் சப்பாத்துமாக கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்.

என்ன பாட்டு என்று வழியில் கேட்டார். பாட்டு இல்லை, வெறும் வாத்தியம், யுத்த காலத்தில் எழுதியது, எதிரிகள் சூழ்ந்து நின்ற நகரம் ஒன்று பசியில் கிடந்ததை நினைத்து எழுதியது என்றேன்.

"எந்தச் சண்டை? ஜப்பான்காரன் சண்டையா?"

"அதே சண்டைதாம்பா. வேற பக்கம்."

அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் மேடை நிறைய இருந்த வாத்தியக்காரர்களைப் பார்த்து, "ஒரு கப்பலுக்கே ஆள் ஏத்தலாம் போலருக்கே லா" என்றார். எங்கள் வரிசையில் அப்பாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சீனப் பெரியவர். முன்வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள். வாத்தியங்கள் எழுந்தன. அப்பா கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருப்பவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிடிக்கிறதா இல்லையா என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குப் பாதி இசை கேட்கவில்லை.

பிறகு அந்தச் சின்ன மேளம் தொடங்கியது. முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத சத்தம். ஒரே அடி, திரும்பத் திரும்ப. அதன்மேல் ஒவ்வொரு வாத்தியமாக ஏறிக்கொண்டது. பிள்ளைகளில் ஒருத்தி காதைப் பொத்தினாள். சீனப் பெரியவர் முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்த விரல்களை மடக்கிக்கொண்டார். அரங்கமே இடிந்துவிடும்போல ஆனபின் எல்லாம் சரிந்தது. நீண்ட மரக்குழல் ஒன்று தனியாக, அழுது முடித்தவர் பேசுவதுபோல, வெகுநேரம் பேசியது.

அதுவும் அடங்கிய பிறகு மேளம் மறுபடி கேட்டது. இந்த முறை மிக மெதுவாக, எங்கோ ஒரு முனையில் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதுபோல.

அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். எழுந்து நின்றார்.

பின்வரிசையில் யாரோ எரிச்சலோடு உச்சுக்கொட்டினார்கள். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்தேன். கறுப்பு உடையில் நின்றிருந்த பணிப்பெண் எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினாள். சீனப் பெரியவர் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார், கொஞ்சம் பொறு என்பதுபோல. அவள் நின்றுவிட்டாள். காலுறையோடு நின்ற அப்பாவின் கண் மேடையில் இல்லை. சத்தம் போகும் திசையில் தெருமுனையைப் பார்க்கிற பார்வை அது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. சட்டையை விட்டுவிட்டேன்.

மேளம் நின்றது. அப்பா உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை, ஆங்காங்கே இருமினார்கள்.

"முடிஞ்சிருச்சா?"

"இன்னும் மூணு பகுதி இருக்குப்பா."

"இன்னும் மூணா?" என்றார். ஆனாலும் கடைசிவரை அசையாமல் இருந்தார்.

முடிந்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. பிள்ளைகள் கூவினார்கள். காதைப் பொத்தியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். நிற்கலாம்பா என்றேன்.

"நான் அப்பவே நின்னுட்டேன்டா."

வெளியே படிக்கட்டின் அருகே சீனப் பெரியவர் அப்பாவிடம் வந்தார். யார் போனது என்று மலாயில் கேட்டார். தன் அப்பாவின் அண்ணன், சயாமில் என்றார் அப்பா. பெரியவர் தலையை அசைத்தார். அந்தக் காலத்தில் தன் தாய்மாமனையும் கூட்டிப்போனார்கள், உடல் கிடைக்கவில்லை என்றார். பிறகு, உங்களுக்கு எப்போது செய்தி வந்தது என்று கேட்டார்.

"பாரு ஹாரி இனி," என்றார் அப்பா. இன்றைக்குத்தான்.

இருவரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரயில் ஏறும்போது அப்பா சொன்னது ஒன்றுதான், அந்த மேளக்காரப் பையன் ஓர் அடிகூடப் பிசகாமல் அடித்தான் என்று. எனக்கு அது போதுமாயிருந்தது. போதவில்லை என்றும் இருந்தது. இன்னும் ஏதாவது சொல்வாரா என்று கதவு மூடும்வரை நடைமேடையில் நின்றேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டுக்குப் போனேன். அம்மா வழக்கம்போல ஓர் இலையை எடுத்துக்கொண்டு வாசலோரம் குனிந்தார். அப்பா வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினார். சாமிப் படத்துக்குக் கீழே, தாத்தாவின் இலையை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, அதற்கு முன்னால் போட்டார். மூத்தவர் அல்லவா. அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பரிமாறினார். சோறு, கறி, முறுக்கு. தாத்தாவின் அண்ணனுக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாததால் அதே தேத்தண்ணி. அப்பா சூடம் ஏற்றி அந்த இலைக்கும் காட்டினார். "பெரியப்பா, வாங்க. வந்து சாப்பிடுங்க" என்றார்.

எனக்குப் பிறகு நீ போடுவாயா என்று அவர் இந்த முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போடுவேன் என்று வாய் நிறையச் சொல்லியிருப்பேன்.

அம்மா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். வாசலோரம் ஒன்றுமில்லாத அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நானும் அப்படித்தான் நடந்தேன். கொசு வருகிறது, இனிமேல் கதவை மூடிவிடலாம்தானே என்று அம்மா கேட்டார்.

அப்பா வெளியே தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் லா."