இடிமார்பன் பல்பு மாற்றிய வாரம்

“அசையாதீங்க! அப்படியே ஒரு நிமிஷம்!”

கால் நகம் வெட்டக் குனிந்த கணவர் குனிந்தபடியே நிற்கிறார். மனைவியின் காதில் செருகியிருந்த பென்சில் அதற்குள் இறங்கி, கையில் அகப்பட்ட காகிதத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. தொந்தி தொடையில் இடிக்கிற மடிப்பு, கடித்துக்கொண்ட நாக்கு நுனி, எல்லாம் வேண்டும் அவளுக்கு.

“உலகத்தையே காப்பாத்துறவன் நகத்தைக் கடிச்சுத் துப்பிட்டுப் போக மாட்டானா?”

“அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருக்காளே, விடுவாளா?”

தெருவில் அவளைப் படக்காரி என்றால்தான் தெரியும். ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பதினோரு வருடமாக இடிமார்பன் என்ற சித்திரக்கதைச் சூரனை வரைகிறாள். மற்றவர்களின் சூரர்கள் ரயிலைத் தூக்குவதோடு சரி. இவளுடைய சூரன் ரயிலைத் தூக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, நனைந்த முகமூடியைக் கொடியில் காயப்போட கிளிப்பு தேடுவான். மேலங்கியை இஸ்திரி போடும்போது சுட்டுக்கொள்வான். “எங்க வீட்டுக்காரரையே பாத்த மாதிரி இருக்கு” என்று யாராவது கடிதம் எழுதிவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

சரக்கெல்லாம் வீட்டுச் சரக்குதான். மாமனார் போனில் தன் பழைய மேலதிகாரியிடம் பேசும்போது தன்னையறியாமல் எழுந்து நிற்பது, நாத்தனார் பொய் சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவது, ஒன்றையும் விட்டதில்லை. யாராவது முறைத்தால், “முகத்தை மாத்திட்டேன்ல, எவனுக்குத் தெரியும்?” என்பாள். முகத்தை மாற்றுவது உண்மை. ஆனால் கண்டதைக் கண்டபடி போடுகிற கை அது. தலையைத்தான் மாற்றும், நிற்கிற தோரணையை மாற்றத் தெரியாது.

அவளுடைய அண்ணன் தீயணைப்பு நிலையத்தில் ஏணிக்காரர். எரிகிற கட்டடத்தில் முதலில் ஏறுகிறவர். மூன்று மாதத்துக்கு முன் அவள் வீட்டுக்கு வந்தவர், எரியாத பல்பை மாற்றித் தருகிறேன் என்று ஸ்டூலில் ஏறினார். ஏறியவரின் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. கால்சட்டையை முழங்காலோடு கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார். தீக்காயம் பட்டதிலிருந்து மடங்காத வலது சுண்டுவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. பல்பை மாற்றாமலே இறங்கி உட்கார்ந்தார்.

“நாலாவது மாடியிலேர்ந்து வழுக்கினேன்ல, அதுலேர்ந்து இப்படி. சரியாயிடும். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத, பாப்பா.”

நாற்பத்தாறு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஆள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. வரைந்தாள்.

படம் கொடுக்க மறுநாளே கடைசி நாள், கையில் வேறு ஒன்றும் இல்லை. இடிமார்பன் மேகத்துக்கு மேலே பறக்கிறான், வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, “பிடிச்சுக்கோடி!” என்று அலறுகிறான். வரைந்து முடித்து அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். பதினோரு வருடத்தில் அந்தப் பக்கத்துக்கு வந்த அளவுக்குப் பாராட்டு எதற்கும் வந்ததில்லை. எல்லாவற்றையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

பக்கம் வெளிவந்த பத்தாவது நாள் அண்ணி போன் செய்தாள். “அந்தப் பக்கத்தை ஸ்டேஷன் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்கம்மா. அந்தச் சுண்டுவிரலைச் சுத்தி சிவப்பு மையில வட்டம் போட்டு, ‘நம்ம ஆளு’ன்னு எழுதியிருக்கான் எவனோ. ஆபீசர் உங்க அண்ணனைக் கூப்பிட்டு ஏணியில ஏறச் சொன்னாராம். இவர் அஞ்சாவது படியிலயே நின்னுட்டாராம். இனிமே போன் எடுக்கிற வேலைதான்.”

பத்திரிகையைத் தேடி எடுத்துப் பார்த்தாள். ஆமாம், விரல் இருந்தது. அதைப் போட்டது கூட நினைவில்லை. கால் நடுங்குகிறவர் ஏணியில் ஏறாமல் இருப்பதுதானே எல்லோருக்கும் நல்லது என்று ஒரு சாக்கு உடனே வந்து நின்றது. அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. நல்லது நினைத்தா வரைந்தாள்? பக்கம் நிரம்ப வேண்டும் என்று வரைந்தாள். சொல்ல வேண்டிய நேரத்தில் அவராகவே சொல்லியிருப்பார், தன் வாயால், தலை நிமிர்ந்து.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தாள். அண்ணன்தான் கதவைத் திறந்தார்.

“வா பாப்பா. வெயில்ல ஏன் நடந்து வந்தே, ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருப்பேன்ல?”

“அண்ணா, அந்தப் படம்...”

“நல்லாத்தான் இருந்துச்சு. ஸ்டேஷன்ல எல்லாரும் சிரிச்சாங்க.”

அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். படக்காரி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மெல்ல நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் இடது கையால் கோப்பையை எடுத்தார். மேசைமேல் இருந்த வலது கையை, அவள் பார்வை அங்கே போவதற்குள், மடிக்கு இறக்கிக்கொண்டார்.