நானும் மஜீது நானாவும் சண்டை பிடித்த கிணற்றடி மூலை

மஜீது நானா போய்விட்டார்.

விடியக் காலையில் அவருடைய மகன் போனில் கோல் எடுத்தான். "வாப்பா மௌத்தாகிட்டாரு அண்ணே..." மிச்சத்தை அழுதழுது சொன்னான். சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தவராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

நேற்றுப் பின்னேரம் வரைக்கும் என்னோடு சண்டை பிடித்த மனுசன்!

அவர் காத்தான்குடி, நான் வெல்லாவெளி. முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதிக்கிற வேலையில் நீண்ட காலக் கூட்டு.

கல்லை எல்லோரும் பார்ப்பார்கள். கல்லுக்குக் கீழே இருப்பதுதான் எங்கள் தலைவலி. கிறவல் என்கிற சரளை மண்ணைப் பரப்பி, தண்ணீர் அடித்து, மெசினால் இடித்து இறுக்க வேண்டும். அதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன நாளே இல்லை. எனக்கு இன்னும் ஒருக்கா இடிக்க வேண்டும். அவருக்கு, "காணும்டா, கல்ல எடு!"

ஒருமுறை கோபம் முற்றி ஒரு கிழமை கதைக்கவே இல்லை. ஒரே முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, ட்ரக்டர் ஓட்டுகிற கோபி மூலம்தான் பேச்சு.

"கோபி, அவரிட்டச் சொல்லு, தண்ணி கூடிப்போச்செண்டு."

"கோபி, அவரிட்டச் சொல்லு, எனக்கும் கண் இருக்கெண்டு."

பாவம், கோபிக்குத்தான் பைத்தியம் பிடித்தது.

கதிரவெளியில் ஒரு வேலை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரப் பிந்திவிட்டது. மனுசனுக்கு ஓரிடத்தில் நிற்க முடியாதே... கடலில் அள்ளி வந்து கிறவலுக்கு ஊற்றிவிட்டார். "தண்ணி தண்ணிதானேடா!"

பிறகு கல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. வீட்டுக்காரர் கோல் மேல் கோல். இவர் கொஞ்சமும் கூசாமல், "மாரி பெய்ஞ்சாப் போயிரும், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றார். மாரியில் உண்மையாகவே போய்விட்டது. அதற்குப் பிறகு அவரோடு கதைக்க முடியுமா என்ன?

நோன்பு காலத்தில் எனக்குச் சோற்றுப் பார்சல் வாங்கி வருவதும் அவர்தான். நான் கூச்சப்பட்டு வேண்டாம் என்றால் அதற்கும் ஏச்சு. "நோன்பு எனக்கா ஒனக்கா? தின்னுடா மடையா."

இப்போது செய்கிற வேலை ஏறாவூரில், வாவிக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கலியாணம். வாகனங்கள் உள்ளே வர வேண்டும். வீட்டுக்கார ராத்தா நாளுக்கு நாலு தரம் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

வயல் திருத்தியபோது மிஞ்சிய வட்டைக் களிமண்ணைக் கொண்டுவந்துதான் அந்த முற்றத்தை உயர்த்தியிருந்தார்கள். சொந்த மண், சும்மா கிடைத்த மண்... மழையில் இளகிவிடும். வழித்து எடுத்துவிட்டுக் கிறவல் போட்டோம். கிணற்றடி மூலையில் மட்டும் முழுதும் எடுபடவில்லை என்று எனக்குச் சந்தேகம்.

நேற்று ட்ரக்டர் பெட்டி நிறையக் கல் ஏற்றி, கோபியை அந்த இடத்தில் மெல்ல ஓட்டச் சொன்னோம். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்து, கன்னத்தை நிலத்தில் வைத்துப் பார்த்தார். டயர் போகையில் நிலம் அமிழ்கிறதா என்று.

"அசையல்ல."

"அமிழுது நானா. தோண்டுவம்."

"ஒனக்கு எல்லாம் அசையும். கலியாணத்த வெச்சிட்டுத் தோண்டுறயா? மறுகா எப்ப கல்லுப் பதிக்கிற?"

"வாகனம் புதைஞ்சா ஆரு பதில் சொல்ற?"

பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டார். ராத்தா கொடுத்த பிளேன்டீயைக் குடிக்கவும் இல்லை.

இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். மையவாடியில் ஓரமாக நின்ற என்னை அவருடைய மகன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். நானும் மண் போட்டேன்.

வீட்டுக்குப் போனேன்... இருக்க முடியவில்லை. படுத்தேன், எழும்பினேன். மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. கோபிக்கு கோல் எடுத்துவிட்டு நேரே ஏறாவூருக்கு வந்துவிட்டேன்.

அந்த மூலையைத் தோண்டினோம்.

கிறவலுக்குக் கீழே கறுப்புச் சேறு. வைக்கோல்கூட உக்கி மண்ணாகாமல் கிடக்கிறது. கோபி மண்வெட்டியை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

சேற்றை முழுக்க எடுத்தாயிற்று. புதுக் கிறவல் வந்து இறங்கியிருக்கிறது. குவித்த அந்தக் கிறவல் கும்பியின் மேல் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொன்னதுதான் சரி, நானா. ஒருக்கா வந்து இல்லை என்று சொல்லுங்கள்.